முழிவியளத்துக்கு ஒரு புள்ளி

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறொன்ரோவில் ஒரு பல்கலைக்கழக ஃபுட்போல் அணியில் நான் விளையாடினேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகளே என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். அவர்களில் பிழையில்லை. அந்த நாளில் என் எடை நூற்றுமுப்பது இறாத்தல். அணியிலிருந்த மற்றவர்கள் வாசலுக்குள் நுழைவதற்கே பக்கவாட்டில் திரும்ப வேண்டியவர்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் உதைப்பதற்கென்று தனியாக ஒருவனை வைத்திருப்பார்கள். கூப்பிடும்போது உள்ளே போய், ஒரு உதை உதைத்துவிட்டு, யாராவது மேலே விழுவதற்குள் அவன் வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு வீரம் தேவையில்லை. ஒரு நல்ல கால் இருந்தால் போதும்.

என் காலைக் கண்டுபிடித்தது கோச்சின் கார். மதிய இடைவேளையில் நாங்கள் நாலைந்து தமிழ்ப் பெடியன்கள் புல்வெளியில், ஊரில் விளையாடிய மாதிரியே உருண்டைப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தோம். நான் உதைத்த பந்து மரங்களைத் தாண்டிப் போய் ஒரு காரின் கூரையில் விழுந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். காருக்குச் சொந்தக்காரர் கூரையிலிருந்த பள்ளத்தைப் பார்க்கவில்லை. நான் நின்ற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் எனக்கு ஒரு ஹெல்மெட் தந்தார்கள். அதைப் போடும்போது இரண்டு காதும் மடிந்துகொள்ளும்; அந்தப் பருவம் முழுவதும் கோச் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இந்த ஆட்டம் முட்டை வடிவப் பந்தைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். பத்து யார் தூரம் முன்னேறுவதற்கு அமெரிக்கர்கள் நாலு தரம் முயலலாம். கனடியர்களுக்கு மூன்று தரம்தான். மூன்றாவது தரமும் தேறாது என்று தெரிந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் அணிக்கு அநேகமாகத் தேறுவதில்லை. அதனால் எனக்கு வேலைக்குக் குறைவிருக்கவில்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை அனுப்பினால் மூன்று புள்ளி. இதில் கனடியர்களிடம் ஒரு விசித்திரமான விதி உண்டு. பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டாலும், அதைப் பிடித்த எதிரணிக்காரன் கம்பங்களுக்குப் பின்னால் உள்ள பரப்பிலிருந்து வெளியே ஓடிவர முடியாமல் அகப்பட்டால், உதைத்தவர்களுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். பிழைவிட்டாலும் ஏதோ கொடுத்து அனுப்புகிற நாடு.

யார் என்ன செய்தாலும் வெல்ல முடியாத அணி அது. நான் சேர்வதற்கு முந்தைய பருவத்தில் எட்டு ஆட்டத்திலும் தோற்றிருந்தார்கள். அதற்கு முந்தைய பருவத்திலும் அப்படித்தான். செப்டெம்பரில் தொடங்கி நவம்பர் குளிர் வரை சனிக்கிழமைக்கு ஒன்றாகத் தோற்பதை ஒரு ஒழுங்காகவே செய்துவந்தார்கள்.

அப்போது நானும் அம்மாவும் வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மெண்டில், ஒன்பதாம் மாடியில் இருந்தோம். நான் கனடா வருவதற்கு முன்பே அப்பா ஊரில் இறந்துபோனார். நான் முதலில் தனியாக வந்தேன், நாலு வருடம் கழித்து அம்மாவைக் கூப்பிட்டேன். வந்த முதற்கிழமை, லிஃப்டுக்குத் தாங்க்யூ சொன்னால்தான் கதவு திறக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லிவைத்தேன். அம்மா ஒரு மாதம் சொன்னார். பக்கத்து வீட்டு அன்ரி சொல்லித்தான் உண்மை தெரிந்தது. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும், "என்னைப் பேய்க்காட்டாதை" என்பதுதான் அம்மாவின் முதல் பதில்.

ஆட்டத்தின் விதிகளையும் அப்படித்தான் கேட்டார். குசினி மேசையில் இரண்டு அகப்பைகளைக் கம்பமாக நிறுத்தி, ஒரு கத்தரிக்காயைப் பந்தாக வைத்து விளக்கினேன். மூன்று புள்ளி வரை தலையாட்டினார். வெளியே போனாலும் ஒரு புள்ளி உண்டு என்றதும் கத்தரிக்காயை என் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"பிழையா அடிச்சாலும் மார்க்கோ? பேய்க்காட்டாதை தம்பி" என்றார். அன்று இரவு அது பால்கறியில் கிடந்தது.

என் பேச்சை நம்பாத அம்மா ஒன்றை மட்டும் முழுதாக நம்பினார். அது முழிவியளம். ஒரு காரியத்துக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது முதலில் எதிரே வருவது யார் என்று பார்ப்பதை யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்வார்கள். நிறைகுடத்தோடு சுமங்கலி வந்தால் காரியம் கைகூடும். புருஷனை இழந்தவள் வந்தால் கூடாது. பெற்ற தாய்க்கு அது பொருந்தாது என்று சொல்பவர்கள்தான் அதிகம். ஆனால் அம்மா, மற்றவர்கள் தனக்குத் தருகிற சலுகையை ஏற்கிற ஆள் இல்லை.

அம்மாவிடம் அதற்கு அத்தாட்சியும் இருந்தது. நான் கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்று அவர் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் பத்திரமாக வந்துசேர்ந்தேன். இதைவிட வேறு என்ன வேண்டும் என்று கேட்பார். அவருடைய முகத்தைப் பாராமல் படியிறங்கியது நாலு வருடம் என்னை அரித்துக்கொண்டிருந்தது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமைகளில் நான் பையைத் தூக்கியதும் அம்மா குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வார். உள்ளே குழாய் ஓடும்.

"வெளிக்கிடுறன் அம்மா" என்று கதவுக்கு வெளியே நின்று சொல்வேன்.

"போட்டு வா ராசா" என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு ஊடாகக் குரல் வரும்.

எனக்கு இதில் சிரிப்பும் வரும், கோபமும் வரும். கோபம்தான் கூட. அம்மா ஒருநாள் கதவடியில் நின்று, என் முகத்தைப் பார்த்து, போய் வா என்று சொல்ல வேண்டும். அந்தப் பருவத்தில் எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான். அணி வெல்லுமென்று ஆசைப்படுகிற அளவுக்கு நான் விசரன் இல்லை.

தான் ஒளிந்தால் மட்டும் போதாதென்று அம்மா பக்கத்து வீட்டு அன்ரியையும் ஏற்பாடு செய்திருந்தார். நான் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து அன்ரி லிஃப்ட் பக்கமிருந்து நிறைகுடத்தோடு எதிரே வர வேண்டும். குடம் என்பது ஒரேஞ்ச் ஜூஸ் வாங்கின பிளாஸ்டிக் ஜாடி. அன்ரி வெள்ளிக்கிழமை இரவு ஃபக்டரியில் வேலை செய்துவிட்டு விடியத்தான் வருவார். பாவம், நைட்டியோடும் கலைந்த கொண்டையோடும், பாதிக் கண்ணை மூடியபடி, தண்ணீரைக் கார்ப்பெட்டில் சிந்திக்கொண்டு வருவார்.

ஐந்தாவது ஆட்டத்துக்குப் போகும்போது அன்ரி என்னை மறித்தார்.

"தம்பி, இண்டைக்காவது வெண்டிட்டு வா. நாலு கிழமையா நான் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை" என்றார்.

"அம்மாட்டைச் சொல்லுங்கோ அன்ரி."

"பெத்த தாய்க்கு உதெல்லாம் இல்லை எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன். கேக்கிறாவே?"

அன்றும் தோற்றோம்.

என் அம்மாவைப் பற்றி அணியில் யாரும் சிரிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கோச் மைதானத்தின் வெள்ளைக் கோட்டை ஒருநாளும் மிதிக்க மாட்டார். அறுபது வயதில் அந்தப் பெரிய வயிற்றோடு கோட்டுக்குக் கோடு கெந்திக் கெந்தித்தான் போவார். அவரைவிட மோசம், எனக்குப் பந்து அனுப்புகிறவன். அவன் குனிந்து நின்று கால்களுக்கு ஊடாகப் பந்தைப் பின்னால் எறிவான், ஒருவன் அதைப் பிடித்து நிலத்தில் நிறுத்துவான், நான் உதைப்பேன். அவன் விட்பியிலிருந்து வருகிறவன். வரும் வழியில் என்னையும் தன் காரில் ஏற்றிக்கொள்வான். நல்ல மனம், முந்நூறு இறாத்தல் உடம்பு. அணியில் சேர்ந்து மூன்று வருடமாகியும் அவன் ஒரு ஆட்டத்தில்கூட வென்றதில்லை. வெல்லும்வரை காலுறையைத் தோய்ப்பதில்லை என்று முதல் வருடமே முடிவெடுத்திருந்தான். ஆக, அந்தக் காலுறைக்கும் வயது மூன்று.

ஒருநாள் ஆட்டம் முடிந்து வந்தவனை அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அவன் சப்பாத்தை வாசலில் கழற்றியதும் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மணம் உது? ஆர் கருவாடு பொரிக்கிறது?"

நான் காலுறையின் வரலாற்றைச் சொன்னேன். அணியில் எல்லாரும் அவனை நக்கலடிப்பார்கள், நானும்தான். அம்மா சிரிக்கவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது நேர்த்திக்கடனடா" என்றார். "நேர்த்தி வைச்சவனைப் பாத்துச் சிரிக்கக் கூடாது."

அவனுக்கு இரண்டு நீத்துப்பெட்டி நிறைய அவித்த பிட்டு வைத்தார். அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். தன் காலுறைக்கு மரியாதை கொடுத்த முதல் ஆள் இவர்தான் என்றான். மூக்கைப் பொத்திக்கொண்டு கொடுத்த மரியாதை என்பதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஏழாவது ஆட்டத்திலும் தோற்றுவிட்டு வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"ஏழு கிழமை ஒளிச்சு நிண்டீங்கள். ஏழு தரமும் தோத்தம். உங்கடை முழிவியளத்துக்கு எங்கடை கோச்சே பரவாயில்லை" என்றேன்.

"அதுக்கு என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?"

"கடைசி மட்ச் எங்கடை கிரவுண்டிலைதான். வந்து பாருங்கோ."

"விசரே உனக்கு? நான் வந்து முன்னாலை நிக்கிறதோ?"

"நவம்பர் குளிரிலை என்ரை கம்பளித் தொப்பியைப் புருவம் மட்டும் இழுத்து விடுங்கோ. பொட்டு இருக்கோ இல்லையோ எண்டு ஆருக்குத் தெரியப் போகுது?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா கோப்பையைத் திரும்ப என் பக்கம் தள்ளினார். பிறகு வாய்க்குள் சிரித்தார்.

"பாப்பம். நீ முதல் சாப்பிடு" என்றார்.

எட்டாவது ஆட்டத்தன்றும் அம்மா குளியலறைக்குள் போனார். குழாய் ஓடியது. அன்ரி ஜாடியோடு வந்தார், கொட்டாவி விட்டார், போனார். நான் மனம் சோர்ந்து காரில் ஏறினேன்.

எதிரணி எங்களுக்கு அடுத்தபடி மோசமான அணி. அதனால் ஆட்டம் சமமாக இருந்தது. இரண்டு பக்கமும் பந்தை நழுவ விட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கிடைத்த இரண்டு வாய்ப்பையும் நான் உள்ளே அனுப்பினேன். அதற்கு நடுவில், மூன்றாம் கால்பகுதியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது, எங்களுக்குப் பின்பக்கத்துக் கம்பங்களுக்கு அப்பால், ஆளில்லாத இருக்கைகளின் மூலையில் என் மெரூன் நிறத் தொப்பி தெரிந்தது. புருவம் மட்டும் இழுத்து விட்டிருந்தார். தனியாக பஸ் எடுத்துப் பிந்தி வந்திருக்கிறார். என் எதிரே வராமல் முதுகுப் பக்கமாகப் பார்த்து இடம் பிடித்திருந்தார். நான் கையசைக்கவில்லை. அசைத்தால் எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன்.

ஆனால் அம்மாவுக்கு நான் ஒரு விதியைச் சொல்ல மறந்திருந்தேன். கால்பகுதிக்கு ஒருமுறை இரண்டு அணியும் பக்கம் மாறும். கடைசிப் பகுதி தொடங்கியபோது, முதுகுப் பக்கம் முன்பக்கமாகிவிட்டது.

இரண்டு பக்கமும் பதின்மூன்று புள்ளி. ஒரே ஒரு உதைக்குத்தான் நேரம் மிச்சம். கோச் என் ஹெல்மெட்டில் தட்டி ஏதோ சொன்னார். வழக்கம்போல எனக்குக் கேட்கவில்லை. உள்ளே போய் அடி அளந்து நின்று நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே, நேர் எதிரே, மெரூன் தொப்பி.

அம்மாவும் அதை அப்போதுதான் உணர்ந்திருக்க வேண்டும். அவசரமாக எழுந்தார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்தபடி, இருக்கைகளைத் தாண்டித் தாண்டிப் பக்கத்துக்கு விலகினார். என் கண் அவரோடு போனது. பந்து வந்தது, நிறுத்தப்பட்டது, என் கால் அதில் பட்டது. என் கண் போன பக்கமே பந்தும் போனது. கம்பத்துக்கு வெளியே, மூன்று முழம் தள்ளி.

அம்மா நின்று பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வெளிவாசல் பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகு நடந்த ஐந்து நொடிகளை அவர் பார்க்கவில்லை. எதிரணிக்காரன் ஒருவன் பந்தைப் பிடித்தான். அவன் வெளியே வந்துவிட்டால் எங்களுக்கு ஒன்றுமில்லை. வலப்பக்கம் ஓடினான், ஆளிருந்தது. இடப்பக்கம் திரும்பினான். அங்கே, மூன்று வருடம் தோய்க்காத காலுறையோடு முந்நூறு இறாத்தல் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆள் அந்தப் பையனைப் பிடித்தான் என்று சொல்ல முடியாது. போய் மேலே படுத்தான், அவ்வளவுதான். நடுவர் ஒற்றை விரலைத் தூக்கினார். பதின்மூன்று பதினாலாகியது.

எல்லாரும் கத்திக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கோச் வெள்ளைக் கோட்டின் மேலேயே நின்று அழுதார். நான் வாசலைப் பார்த்து ஓடினேன். ஆணி வைத்த சப்பாத்து சீமெந்து நடைபாதையில் சறுக்கியது. அம்மா பஸ் தரிப்பிடத்தில் நின்றார். என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னன்" என்றார். "அவ்வளவு நேரமும் நேரா அடிச்ச பிள்ளை. நான் முன்னாலை வந்தன், பிழைச்சுப் போச்சு."

"அம்மா, வெண்டிட்டம்."

"பேய்க்காட்டாதை."

"உண்மையா அம்மா. பிழைச்சதுக்குத்தான் ஒரு புள்ளி தந்தவங்கள். கத்தரிக்காய் வைச்சுச் சொன்னன் எல்லோ?"

"லிஃப்டுக்கும் தாங்க்யூ சொல்லச் சொன்னனி" என்றார் அம்மா. கண்ணைத் துடைத்தார். "என்ரை மனம் நோகக் கூடாது எண்டு சொல்லுறாய். எனக்குத் தெரியும். நீ போ."

ஆயுளில் முதன்முறை அம்மாவிடம் உண்மை சொல்கிறேன், ஒன்றும் எடுபடவில்லை. பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. நான் பயந்துபோனேன். இவர் இப்படியே பஸ்ஸில் ஏறினால் இனி எந்தக் காரியத்துக்கும் என் எதிரே வரமாட்டார் என்று தெரிந்தது. என் கலியாணத்துக்குக்கூட.

அப்போதுதான் பின்னால் தொம் தொம் என்று சத்தம் கேட்டது. பந்து எறிகிறவன் என்னைத் தேடி ஓடிவந்தான். முகமெல்லாம் சேறும் கண்ணீரும். அம்மாவைக் கண்டதும் பஸ் தரிப்பிடத்து வாங்கில் பொத்தென்று குந்தியிருந்து, சப்பாத்தைக் கழற்றி, காலுறைகளை உரித்தெடுத்தான். குளிரில் வெறுங்காலோடு எழுந்து நின்று, அவற்றை அம்மாவுக்கு உயர்த்திக் காட்டினான். பிறகு பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டிக்குள் போட்டான்.

அம்மா ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தொட்டியைப் பார்த்தார், அவனுடைய சிவந்த காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேர்த்தி முடிச்சிட்டான்" என்றார் மெல்ல.

"ஓம்."

"அப்ப வெண்டதுதான்."

"ஓம் அம்மா. நீங்கள் எழும்பாமல் இருந்திருந்தால் பந்து நேரா உள்ளை போயிருக்கும். விலகிப் போனதாலைதான் பிழைச்சது" என்றேன். அது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பஸ் வந்து கதவைத் திறந்தது. சாரதி எங்கள் மூவரையும், வெறுங்காலையும் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். அம்மா எங்களோடு காரில் வந்தார். வழி முழுக்கக் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தார்.

அதோடு பருவம் முடிந்தது. எட்டில் ஒன்று வென்ற அணி என்று எங்களை யாரும் பாராட்டவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்குப் புள்ளிவிபரவியல் சோதனை. ஃபுட்போலைச் சாட்டி ஒரு எழுத்தும் படித்திருக்கவில்லை. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக் கதவடியில் போய் நின்றேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஆளில்லை. குசினியிலும் இல்லை. எங்கே போனார் என்று யோசித்தபடி வெளிக்கதவைத் திறந்தேன்.

நடைக்கூடத்தின் கடைசியில், லிஃப்ட் பக்கமிருந்து அம்மா வந்துகொண்டிருந்தார். தொப்பி இல்லை. வெறும் நெற்றி. கையில் அன்ரியின் ஒரேஞ்ச் ஜூஸ் ஜாடி, கழுத்து முட்டத் தண்ணீர். ஒரு சொட்டும் சிந்தாமல், என்னையே பார்த்துக்கொண்டு, நேர் எதிரே வந்தார்.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போட்டு வா. நல்லாச் செய்வாய்" என்றார்.

அந்தச் சோதனையில் நான் பெயில். அம்மாவிடம் எழுபத்தெட்டு என்று சொன்னேன். வழக்கத்துக்கு மாறாக அதை மட்டும் உடனே நம்பினார்.